தெளிந்த வானில் நிகழ்ந்த விபத்து: பெங்களூரு, 1990 பிப்ரவரி 14

குளிர்காலத்தில் தரையிறங்கும் விமானம் விபத்துக்குள்ளானது என்று கேட்டவுடன் மூடுபனி, பனிப்பொழிவு, இறக்கைகளில் படியும் உறைபனி ஆகியவையே முதலில் நினைவுக்கு வரும். பெங்களூருவிலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான விடியற்காலைகளில் மூடுபனி விமானங்களைக் காக்கவைப்பதுண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறை ஜனவரி, பிப்ரவரி ஆகிய இரு மாதங்களையும் குளிர்காலமாகவே கணக்கிடுகிறது. ஆனால், இந்நகரின் பயணிகள் விமானப் போக்குவரத்து வரலாற்றில் மிகக் கொடிய விபத்து அப்பருவத்தின் ஒரு தெளிந்த நண்பகலில் நிகழ்ந்தது. ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்தது. விமானம் புத்தம் புதியது. விமானி அறையில் இரண்டு கேப்டன்கள் இருந்தனர். அப்படியிருந்தும் 92 பேர் உயிரிழந்தனர்.

பழி சுமத்த வானிலை இல்லாததால், இந்த விபத்தைப் பற்றிய பொது நினைவு 'விமானியின் தவறு' என்ற இரண்டு சொற்களில் முடிந்துபோனது. அந்த முடிவு எந்த அளவுக்குப் போதுமானது என்ற கேள்வி 36 ஆண்டுகளாகியும் பழையதாகிவிடவில்லை.

விபத்து நிகழ்ந்த இடத்தின் வரலாற்றை முதலில் காண்பது பயன்தரும். பெங்களூருவின் கிழக்கே உள்ள எச்.ஏ.எல். விமான நிலையம் பயணிகளுக்காக உருவானதன்று. 1940இல் தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் சமஸ்தானத்தின் துணையுடன் நிறுவிய இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்காக அமைந்த களம் அது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டு விமானங்கள் இங்கே பழுதுபார்க்கப்பட்டன. வி. எம். கட்கே வடிவமைத்த எச்.டி.-2 பயிற்சி விமானம் 1951இலும், ஜெர்மானியப் பொறியாளர் கூர்ட் டாங்க் தலைமையில் உருவான மாருத் போர் விமானம் 1961இலும் இங்கிருந்தே முதன்முதலாகப் பறந்தன. மாருத்தை முதலில் பறக்கவிட்ட சோதனை விமானி சுரஞ்சன் தாஸ், 1970 ஜனவரியில் அதே வகை விமானம் ஒன்றில் உயிரிழந்தார். பழைய மதராஸ் சாலையையும் பழைய விமான நிலையச் சாலையையும் இணைக்கும் சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. புதிய இயந்திரங்கள் மனிதர்களைச் சோதிப்பதும் மனிதர்கள் அவ்வியந்திரங்களைச் சோதிப்பதும் இந்த ஓடுபாதைக்குப் பழக்கமானவை.

ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. மேற்கிலிருந்து இறங்கும் விமானத்தின் மூக்கு கிழக்கே மரத்தஹள்ளியையும் அதற்கப்பால் வைட்ஃபீல்டையும் நோக்கியிருக்கும். 1882இல் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார் ஆங்கிலோ-இந்தியர் சங்கத்துக்கு அளித்த நிலத்தில் தோன்றிய குடியிருப்பு வைட்ஃபீல்ட். 1990இல் அது இன்னர் சர்க்கிளைச் சுற்றிய பழைய வீடுகள், தேவாலயம், இரயில் நிலையம், தோட்டங்கள் எனச் சிற்றூராகவே இருந்தது. தரையிறங்க முடியாமல் மீண்டும் மேலெழும் விமானம் எதுவும் அத்திசை வழியாகவே ஏறிச் செல்ல வேண்டும். அன்று பம்பாயிலிருந்து வந்த விமானமும் அவ்வாறு மேலெழுந்து வைட்ஃபீல்டைக் கடந்திருந்தால், மறுநாள் அதைப் பற்றி எவரும் பேசியிருக்கமாட்டார்கள்.

இந்தியன் ஏர்லைன்ஸின் ஐ.சி. 605 விமானம் ஏர்பஸ் ஏ320 வகையைச் சேர்ந்தது, வி.டி.-ஈ.பி.என். என்ற பதிவெழுத்துகளைக் கொண்டது. நிறுவனத்தின் கைக்கு வந்து இரண்டு மாதங்கள்கூட நிறைவடையவில்லை. ஏ320 வகையே அப்போது உலகுக்குப் புதியது. 1988இல்தான் பயணிகள் சேவைக்கு வந்தது. விமானியின் கைவிசையைக் கம்பிகளும் கப்பிகளும் நேரடியாக இறக்கைக்குக் கடத்திய பழைய முறை அதில் இல்லை. விமானியின் விருப்பம் மின் சமிக்ஞையாகக் கணினிக்குச் செல்லும். கணினி அதனை ஆராய்ந்து இறக்கைப் பரப்புகளை அசைக்கும். பெரிய ஸ்டியரிங் கம்பத்தின் இடத்தில் பக்கவாட்டில் ஒரு சிறிய கைப்பிடி வந்தது. தானியங்கி அமைப்பு எஞ்சினின் உந்துவிசையைக் கூட்டினாலும் குறைத்தாலும் விமானியின் கையருகே உள்ள உந்துவிசை நெம்புகோல்கள் அசைவதில்லை. முந்தைய தலைமுறை விமானங்கள் பலவற்றில், நெம்புகோல் பின்னோக்கி நகர்வதைக் கை உணர்ந்தே எஞ்சின் தணிவதை விமானி அறிந்துகொள்வார். இங்கே அந்த உணர்வு போய், திரையில் தோன்றும் எழுத்துகள் அதன் இடத்தைப் பிடித்தன.

அன்றைய பயணம் ஒரு சோதனைப் பயணமும்கூட. இடப்பக்க இருக்கையில் அமர்ந்து விமானத்தை ஓட்டியவர், ஏ320இல் கேப்டனாகப் பொறுப்பேற்பதற்கு முன் மதிப்பீட்டுக்கு உட்பட்டிருந்த கேப்டன். வலப்பக்க இருக்கையில் இருந்தவர் அவரை மதிப்பிடும் மூத்த கேப்டன். விமானத்தில் 139 பயணிகளும் 7 பணியாளர்களும் இருந்தனர். நண்பகலுக்குச் சற்று முன் பம்பாயிலிருந்து புறப்பட்ட விமானம், ஒரு மணியளவில் பெங்களூருவை நெருங்கியது. ஓடுபாதையைக் கண்ணால் பார்த்து இறங்கும் முறைக்கு அனுமதி கிடைத்தது.

அடுத்து நிகழ்ந்ததைப் புரிந்துகொள்ள, தரையிறங்கும் விமானத்தின் எளிய இயற்பியல் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். உயரம், வேகம் ஆகிய இரண்டும் விமானத்தின் சேமிப்புகள். எஞ்சின் அதன் வருவாய். எஞ்சினை முற்றிலும் தணித்துவிட்டால், உயரத்தைச் செலவழித்து வேகத்தைக் காக்கலாம். அல்லது வேகத்தைச் செலவழித்து உயரத்தைக் காக்கலாம். இரண்டையும் ஒருசேரக் காக்க இயலாது. ஏ320இல் 'ஓப்பன் டிசென்ட்' என்றொரு இறங்குமுறை உண்டு. அதில் எஞ்சின்கள் தணிந்த நிலையிலேயே நிற்கும். மூக்கை ஏற்றியும் இறக்கியும் வேகம் காக்கப்படும். உயரத்திலிருந்து விரைவாக இறங்குவதற்கு அது தகுந்த முறை. ஓடுபாதையை நெருங்கிய இறுதிக் கட்டத்துக்கோ அது ஏற்றதன்று. அப்போது 'ஸ்பீட்' என்னும் முறை இயங்க வேண்டும். அதில்தான் வேகம் குறையும்போது எஞ்சின் தானாக வலுக்கூட்டும்.

ஐ.சி. 605 இறுதி அணுகலில் இருந்தபோது இயங்கிக்கொண்டிருந்தது ஓப்பன் டிசென்ட் முறை. விமானம் சரிவுப்பாதைக்குக் கீழே போய்விடாதபடி ஓட்டுபவர் மூக்கை உயர்த்தினார், எஞ்சின்கள் தணிந்தே இருந்தன, வேகம் கரைந்தது. இருக்க வேண்டிய வேகம் 132 நாட். கடைசியில் அது 106 நாட் வரை வீழ்ந்தது. கிலோமீட்டர் கணக்கில் மணிக்குச் சுமார் 244இலிருந்து 196 வரையிலான சரிவு இது.

விமானி அறையின் ஒலிப்பதிவில் ஓர் உரையாடல் உள்ளது. எஞ்சின் தணிந்த முறையிலேயே விமானம் இறங்கிக்கொண்டிருப்பதை மதிப்பிடும் கேப்டன் கவனித்துச் சொல்கிறார். 'ஃபிளைட் டைரக்டர்' எனப்படும் வழிகாட்டிக் கருவிகளை அணைப்பது பற்றிப் பேச்சு எழுகிறது. ஓட்டுபவர் தம் பக்கத்துக் கருவியை அணைத்துவிட்டதாகக் கூறுகிறார். மற்றவரின் பக்கத்துக் கருவி அணைக்கப்படாமல் இருப்பது தெரியவருகிறது. இரண்டும் அணைந்தால்தான் கணினி தானாக ஸ்பீட் முறைக்கு மாறும். ஒன்று அணைந்து மற்றொன்று இயங்கும்போது, எஞ்சின்கள் தணிந்தே நிற்கும். உரையாடலில் பதற்றம் இல்லை; பயிற்சி வகுப்பில் பிழையொன்றைச் சுட்டிக்காட்டும் தொனியே காணப்படுகிறது. உயரம் 400, 300, 200 அடி எனத் தானியங்கிக் குரல் அடுத்தடுத்து அறிவிக்கிறது. ஆபத்தை உணர்ந்து நெம்புகோலை முன்தள்ளியபோது, தணிந்திருந்த எஞ்சின்கள் முழு வலுவைப் பெறுவதற்குத் தேவையான வினாடிகள் மீதமில்லை.

ஓடுபாதையின் தொடக்கத்துக்கு இரண்டாயிரம் அடிக்கும் மேல் முன்பாக, கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் மைதானத்தில் விமானத்தின் சக்கரங்கள் பதிந்தன. அது மீண்டும் சற்று எழும்பி விழுந்து, மைதானத்தின் ஓரத்துக் கரையில் மோதி, விமான நிலைய மதிலுக்கு வெளியே நின்று தீப்பற்றியது. 54 பேர் உயிர்தப்பினர். இறந்த 92 பேரில் இரு கேப்டன்கள் உட்படப் பணியாளர்கள் நால்வர்.

ஓப்பன் டிசென்ட் முறை அந்தக் கட்டத்தில் ஏன் இயங்கியது என்பதே விசாரணையின் மையக் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். இதற்குச் சொல்லப்பட்ட விளக்கங்களுள் ஒன்று கவனத்துக்குரியது. விமானியின் கண்ணுக்கு நேரே உள்ள பலகையில், செல்ல வேண்டிய உயரத்தைக் குறிக்கும் குமிழும், நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும் என்பதைக் குறிக்கும் குமிழும் அருகருகே உள்ளன. நிமிடத்துக்கு 700 அடி என்று இறங்குவீதத்தைத் திருத்த எண்ணிய கை, உயரக் குமிழைத் திருகி 700 அடி என்று வைத்திருக்கலாம் என்பது அந்த விளக்கம். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,900 அடி உயரத்தில் உள்ளது. 700 அடி என்ற கட்டளை அங்கே நிலத்துக்கு அடியில் இருக்கும் ஓர் இடத்தைக் குறிக்கும். அந்த இலக்கை நோக்கிக் கணினி எஞ்சினைத் தணித்து இறங்கிக்கொண்டே இருக்கும்.

கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி கே. சிவசங்கர் பட் தலைமையில் விசாரணை நீதிமன்றம் அமைந்தது. விபத்துக்கான காரணத்தை அது இரண்டு பகுதிகளாகக் கூறியது. நிலைமையின் தீவிரத்தை உணர்ந்து உடனே உந்துவிசையைக் கூட்ட விமானிகள் தவறினர் என்பது முதற்பகுதி. அந்த நெருக்கடியான கட்டத்தில் அவ்விறங்குமுறை எதனால் இயங்கத் தொடங்கியது என்பதை அடையாளம் காண இயலவில்லை என்பது இரண்டாம் பகுதி. செய்திகளிலும் பொதுப்பேச்சிலும் முதற்பகுதி மட்டுமே எஞ்சியது. வரலாற்று ஆய்வுக்கு இரண்டாம் பகுதியே முக்கியமானது. நேர்ந்தது என்ன என்பதற்கு முதற்பகுதி விடை தருகிறது. அது ஏன் நேர்ந்தது என்ற கேள்வியை இரண்டாம் பகுதி திறந்தே விட்டிருக்கிறது.

அரசியல் சூழலும் அக்கேள்விக்குச் சாதகமாக இல்லை. வி. பி. சிங் அரசு இந்தியன் ஏர்லைன்ஸின் ஏ320 விமானங்கள் அனைத்தையும் பல மாதங்கள் தரையில் நிறுத்தியது. முந்தைய ஆட்சியில் அவ்விமானங்கள் வாங்கப்பட்ட விதம் அரசியல் சர்ச்சையாகவும் மத்தியப் புலனாய்வு வழக்காகவும் மாறியது. விமானம் கோளாறானதா, விமானிகள் தகுதியற்றவர்களா என்ற இருமுனைக் கேள்விக்குள் விவாதம் அடைபட்டது. இயந்திரம் அதன் விதிப்படி பழுதின்றி இயங்க, தேர்ந்த மனிதர்கள் அதனைத் தவறாகப் புரிந்துகொள்வது என்ற மூன்றாவது சாத்தியத்துக்கு அந்த விவாதத்தில் இடம் குறைவாகவே இருந்தது. உற்பத்தியாளர், நிறுவனம், விமானிகள் ஆகிய ஒவ்வொரு தரப்புக்கும் வெற்றி தோல்வி உள்ள நீதிமன்ற அமைப்பில் இது எதிர்பார்க்கத்தக்கதே. விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் விபத்துகளைத் தடுப்பது, பழியைப் பங்கிடுவதன்று என்பது சிகாகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு கூறும் நெறி. இந்தியாவில் விமான விபத்துகளை விசாரிப்பதற்கெனத் தனிப் பணியகம் 2012இல்தான் அமைந்தது.

இரண்டு ஆண்டுகளுக்குள் அதே வகை விமானம் மெய்யான குளிர்காலத்தைச் சந்தித்தது. 1992 ஜனவரி 20 இரவு, லியோனிலிருந்து புறப்பட்ட ஏர் இன்டர் நிறுவனத்தின் ஏ320, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் தரையிறங்க வந்தபோது, பனி மூடிய சேன்-ஓடில் மலையில் மோதியது. இருந்த 96 பேரில் 87 பேர் இறந்தனர். மீட்புக் குழுவினர் அவ்விடத்தைக் கண்டடைய நான்கு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. இருளும் முகிலும் பனியும் காரணம் என்று சொல்லிவிட எல்லாச் சூழலும் அங்கே இருந்தது. ஆனால், விசாரணை வந்து நின்ற இடங்களுள் ஒன்று, பெங்களூருவில் பேசப்பட்ட அதே பலகை. இறங்கும் கோணத்தையும் இறங்கும் வீதத்தையும் ஒரே குமிழால் அமைக்கும் ஏற்பாடு அதில் இருந்தது; எது நடப்பிலிருக்கிறது என்பதை வேறொரு பொத்தான் தீர்மானிக்கும். 3.3 பாகைக் கோணம் என்று எண்ணி விமானிகள் வைத்த எண், நிமிடத்துக்கு 3,300 அடி என்ற வீதமாகக் கணினிக்குச் சென்றிருக்கலாம் என்ற விளக்கமே மிகுந்த வலுப்பெற்றது. அதன்பின் இறங்கும் வீதம் நான்கு இலக்கங்களில் முழுமையாகத் தெரியும்படி திரை மாற்றப்பட்டது. நிலம் நெருங்குவதை எச்சரிக்கும் கருவி அந்த விமானத்தில் இல்லை. பிரான்சில் அது பின்னர் கட்டாயமாக்கப்பட்டது.

ஒன்று வெயிலில், மற்றது பனியில். வானிலையை நீக்கிப் பார்த்தால், இரண்டிலும் மனிதர் நினைத்த கட்டளையும் இயந்திரம் ஏற்ற கட்டளையும் வெவ்வேறாக இருந்தன என்பது தெரிகிறது. பெங்களூருவின் குமிழ் விளக்கத்தை உறுதிப்படுத்த இயலாமல் போனது உண்மை. ஆயினும், அப்படிக் குழம்புவதற்கு இடமிருக்கிறது என்பதே போதிய எச்சரிக்கை.

இன்னொரு குளிர்கால விபத்தும் இங்கே ஒப்பிடத்தக்கது. 2009 பிப்ரவரி 12 இரவு, அமெரிக்காவின் பஃபலோ நகரில் தரையிறங்க வந்த கோல்கன் ஏர் நிறுவனத்தின் சிறிய டர்போபிராப் விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்திலிருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தனர். இறக்கையில் உறைபனி படிவதைப் பற்றி விமானிகள் பேசிக்கொண்டிருந்ததால், பழி முதலில் குளிரின் மேல் விழுந்தது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையில் உறைபனியின் பங்கு மிகக் குறைவு என்று தெரிந்தது. வேகம் குறைந்துகொண்டே வந்ததை இருவரும் கவனிக்கவில்லை. எச்சரிக்கை எழுந்தபோது கேப்டன் செய்தது எதிர்மாறானது. ஆனால், அமெரிக்கா அங்கே நின்றுவிடவில்லை. விமானிகளின் களைப்பு, பயிற்சி, பணிநேரம், சிறு நிறுவனங்களின் பணியமர்த்தல் ஆகிய அனைத்தும் விவாதத்துக்கு வந்தன; 2010இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. தவறு விமானியுடையது என்ற முடிவு அங்கே அடுத்த கேள்விகளுக்குத் தொடக்கமாயிற்று.

பெங்களூருவுக்கு மிக நெருங்கிய இணை, அதற்கும் நான்கு ஆண்டுகள் கழித்து வந்தது. 2013 ஜூலை 6, தெளிந்த பகல், சான் பிரான்சிஸ்கோ. ஏசியானா நிறுவனத்தின் போயிங் 777 கண்ணால் பார்த்து இறங்கும் முறையில் ஓடுபாதையை நெருங்கியது. இடப்பக்கத்தில் அந்த வகை விமானத்துக்குப் புதிதாகப் பயிற்சி பெறும் கேப்டன், வலப்பக்கத்தில் பயிற்றுநர். தானியங்கி உந்துவிசை வேகத்தைக் காத்துக்கொள்ளும் என்று அவர்கள் நம்பியிருந்தனர்; தேர்ந்திருந்த முறையில் அது செயலற்று நின்றது. 137 நாட் இருக்க வேண்டிய வேகம் 103 நாட் வரை வீழ்ந்தது. கடல்சுவரில் விமானத்தின் வால் மோதியது. 307 பேரில் மூவர் இறந்தனர். போயிங் 777இல் நெம்புகோல்கள் அசையக்கூடியவை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகவே ஏர்பஸ் வடிவமைப்பே எல்லாவற்றுக்கும் காரணம் என்ற வாதமும் நிற்காது. விமானிகளின் கண்காணிப்புக் குறைவைச் சுட்டிய அமெரிக்க வாரியம், தானியங்கி அமைப்பின் சிக்கலையும் அதனை உற்பத்தியாளர் போதுமான அளவு விளக்காததையும் துணைக் காரணங்களாகப் பதிவுசெய்தது.

132இலிருந்து 106, 137இலிருந்து 103. இடையில் 23 ஆண்டுகள். இரண்டு நிகழ்வுகளிலும் ஓட்டுபவரை மதிப்பிடவோ பயிற்றுவிக்கவோ ஒருவர் அருகில் இருந்தார். மேற்பார்வை கூடும்போது பாதுகாப்பும் கூடும் என்பது பொது எதிர்பார்ப்பு. ஆனால், விமானத்தைக் கவனிப்பது யார், மனிதரைக் கவனிப்பது யார் என்ற எல்லை அத்தகைய அறையில் மங்கிவிடுகிறது. ஓட்டுபவர் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்றும், மற்றவர் ஓட்டுபவர் திருத்திக்கொள்வார் என்றும் காத்திருக்க வாய்ப்புண்டு. பெங்களூரு ஒலிப்பதிவின் அமைதியான தொனி இதனைத்தான் உணர்த்துகிறது.

விமானிகள் தவறிழைக்கவில்லை என்று இதனால் பொருளாகாது. வேகத்தைக் கவனிப்பது அவர்களின் முதற்கடமை; கவனித்திருந்தால் 92 பேர் வீடு திரும்பியிருப்பர். ஆனால், இறந்த இருவரைக் குற்றவாளிகளாக்கி முடிப்பதால் அடுத்த விமானத்தில் அமர்ந்திருப்பவருக்கு எந்தப் பாதுகாப்பும் கிட்டாது. பின்னாளில் ஏ320களில், விமானத்தின் ஆற்றல் குறையும்போது 'ஸ்பீட், ஸ்பீட், ஸ்பீட்' என்று ஒலிக்கும் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. திறமையான மனிதரும் திரையில் ஒரு சொல்லைப் பார்க்கத் தவறுவார் என்பதை ஏற்றுக்கொண்ட பிறகே அத்தகைய மாற்றம் சாத்தியமாகும்.

2008 மே மாதம் தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறக்கப்பட்டபோது, எச்.ஏ.எல். நிலையத்தின் வழக்கமான பயணிகள் சேவை முடிவுக்கு வந்தது. விபத்து நடந்த பக்கத்தில் இன்று அலுவலக வளாகங்கள் நிறைந்துள்ளன. விமானத்தின் மூக்கு நோக்கியிருந்த வைட்ஃபீல்ட், 1990களில் எழுந்த தொழில்நுட்பப் பூங்காவுக்குப் பின் நாட்டின் பெரும் மென்பொருள் மையங்களுள் ஒன்றாகிவிட்டது. மனிதருக்கும் இயந்திரத்துக்கும் இடையே நிற்கும் திரைகள், பொத்தான்கள், தானியங்கி முறைகள் பலவும் இப்போது அங்கேயே எழுதப்படுகின்றன. வங்கி, மருத்துவமனை, கார், தொழிற்சாலை என எங்கும், பயனர் என்ன நினைக்கிறார், கணினி என்ன புரிந்துகொள்கிறது என்ற இடைவெளி தொடர்கிறது. அவ்விடைவெளியில் பிழை நேரும்போது 'பயனரின் தவறு' என்று எழுதி முடிப்பது எளிது. அவ்வாறு எழுதுவோரின் அலுவலகத்துக்குச் சில கிலோமீட்டர் மேற்கே, 1990 பிப்ரவரி 14 அன்று, ஒரு கருவி அணைக்கப்பட்டு மற்றொன்று அணைக்கப்படாமல் இருந்தது.